புதூர்த் தயிரும் பல்லாரி வெங்காயமும்

அத்தியாயம் 17

கோவில்பட்டி மார்க்கெட்டில் முப்பது வருஷமாக வெங்காய மண்டி வைத்திருக்கிற பூவனலிங்கத்தின் பெண்டாட்டிக்கு வெங்காயம் வதக்கத் தெரியவில்லை. இதை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். அதுவும் கடல் தாண்டி இருக்கிற ஒருத்தரிடம், டெலிபோனில்.

அவசரப்படாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

போன வாரம் இந்தப் பூவனலிங்கத்தின் பெண்டாட்டி செண்பகவல்லியை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? மகளின் கைப்பைக்கு முன்னால். மூன்று வருஷம் கழித்து, ஏழு மாத வயிற்றோடு, வளைகாப்புக்காக அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய ஒரே மகள் வள்ளிமயில். தலைவலித் தைலம் தேடி அவள் பைக்குள் கையை விட்ட அம்மாவுக்கு அகப்பட்டது திரும்பிப் போகிற விமான டிக்கெட். மார்ச் பன்னிரண்டு. வளைகாப்பு முடிந்த பதினோராம் நாள்!

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று செண்பகவல்லி சுக்கும் திப்பிலியும் வாங்கி டப்பாவில் அடைத்தே வைத்துவிட்டாள். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், “ஆமாம்மா, போறேன்” என்று சொல்லிவிடுவாளே! அந்தப் பயத்தில் டிக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு சோறு வடிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி வைத்த மீன் குழம்பையும் வள்ளிமயில் தள்ளி வைத்தாள். “என்னதாம்ட்டி வேணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லு” என்று அம்மா கேட்டதற்கு, மகள் தயங்கித் தயங்கிச் சொன்ன பதில்தான் போன வாரக் கடைசி வரி.

“வெங்காய டிப்.”

*

டிப் என்றால் என்ன? செண்பகவல்லிக்கும் தெரியாது. வள்ளிமயில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். வெங்காயத்தைத் தேன் நிறத்துக்கு வதக்கி, தயிர் மாதிரி ஒன்றில் கலந்து, வெண்ணெய் பதத்துக்கு வைத்திருப்பார்களாம். உருளைக்கிழங்குச் சிப்ஸை அதில் முக்கித் தின்ன வேண்டுமாம்.

“மொத மூணு மாசம் தண்ணி குடிச்சாலும் வாந்திம்மா. கீழ் வீட்டு மார்த்தாம்மா ஒரு நாள் கிண்ணத்துல கொண்டாந்து தந்தாவ. அது ஒண்ணுதான் வயித்துல நின்னுச்சு. தினமும் செஞ்சு, மாடி ஏறிக் கொண்டு வருவாவ. அவியளுக்கு முழங்கால் வலி வேற.”

மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மாவுக்குத்தான் நெஞ்சில் நறுக்கென்றது. தான் பெற்ற பிள்ளை அங்கே வாந்தி எடுத்துக் கிடந்திருக்கிறாள். எவளோ ஒரு வெள்ளைக்காரி, முழங்கால் வலியோடு படியேறி வந்து ஊட்டிவிட்டிருக்கிறாள். இவள் இங்கே மாப்பிள்ளை மேல் கோபம் என்று சொல்லி, டெலிபோன் வந்தால்கூட எடுக்காமல் இருந்திருக்கிறாள்.

மார்த்தாம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனசு ஒரு பக்கம் நினைத்தது. இன்னொரு பக்கம் பொறாமை எரிந்தது. என்ன செய்ய, தாய் மனசு.

‘அந்தம்மா செஞ்சத நான் செய்ய மாட்டேனா? எங்கையால ஒரு வாய் ருசிச்சுச் சாப்பிட்டான்னா, டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கனயே இருந்துர மாட்டாளா?’

நினைப்பு இப்படிப் போயிற்று. மறுநாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் வளைகாப்பு. இருக்கிறது ஒரே ஒரு பகல்.

*

காலை எட்டு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிச்சையாவின் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள் செண்பகவல்லி. மகளின் டைரியிலிருந்து எழுதி எடுத்து வந்த நம்பர் கையில் இருந்தது. வீட்டில் போன் இல்லாமல் இல்லை. வள்ளிமயிலுக்குத் தெரியக்கூடாதே!

அந்தப் பக்கம் எடுத்தது மாயகிருஷ்ணன். அவள் மாப்பிள்ளை. இந்த மூன்று வருஷத்தில் அவனோடு ஒரு வார்த்தை பேசினவள் இல்லை இவள். அவன் புதூர்ப் பக்கத்து ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. படித்து, வேலைக்குப் போய், அங்கேயே இவள் மகளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகுதான் தகவல் சொன்னான். “அவன் வீட்டு வாசப்படிய நான் மிதிச்சா ஏன்னு கேளுங்க” என்று அன்றைக்குத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியவள் இவள். பூவனலிங்கம் மூன்றாம் மாதமே சமாதானமாகிவிட்டார். இவள் ஆகவில்லை.

“ஹலோ?”

“ஹலோ... நான் வள்ளியோட அம்மா பேசுதேன்.”

அந்தப் பக்கம் தடாலென்று ஏதோ விழுந்த சத்தம்.

“அத்தை! வள்ளிக்கு என்னாச்சு?”

“அவளுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கா.” காலண்டர் தாளை விரித்து வைத்துக்கொண்டாள். “ஒரு விசயம் கேக்கணும். அந்த மார்த்தாம்மா வெங்காயத்த வச்சு என்னமோ செய்யுதாவளாமே, அது எப்படி? எனக்கு அப்படி வதக்கத் தெரியாது.”

அந்தப் பக்கம் செருப்பை அவசரமாக மாட்டுகிற சத்தம் கேட்டது.

“அத்தை, லைன்லயே இருங்க. வச்சிராதீங்க. கீழ போய்க் கேட்டுட்டு வந்துருதேன்.”

படியில் திடுதிடுவென்று ஓடுகிற சத்தம். அங்கே ராத்திரி ஒன்பதரை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, தூங்கப் போன ஒரு வயசான அம்மாவைக் கதவைத் தட்டி எழுப்பி, வெங்காயம் எப்படி வதக்குவது என்று கேட்டிருக்கிறான் பாருங்கள், அந்தப் பிள்ளை! பூத்துக்கு வெளியே பிச்சையா ஓடுகிற மீட்டரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. அவன் சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

“பல்லாரிய மெல்லிசா நீளவாக்குல நறுக்கணும் அத்தை. வெண்ணெய் பாதி, எண்ணெய் பாதி. கொஞ்சம் உப்பு. தீய ரொம்ப ரொம்பக் கம்மியா வைக்கணும். ஒரு மணி நேரம் ஆகும்.”

“ஒரு வெங்காயத்துக்கு ஒரு மணி நேரமா?”

“ஆமா. பொன்னிறமானதும் எடுத்துரக் கூடாதாம். இன்னும் விட்டு, கருப்பட்டி நிறத்துக்கு, அல்வா மாதிரி குழையணும். அடி பிடிச்சா ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சுக் கிண்டணும். நல்லா ஆறின பெறவுதான் தயிர்ல போடணும், சூட்டோட போட்டா திரிஞ்சு போகும். இங்கன அவிய புளிச்ச கிரீம்னு ஒண்ணு போடுதாவ. நம்ம ஊருக்கு, கெட்டித் தயிரத் துணியில கட்டித் தொங்க விட்டு எடுத்துக்கோங்க. கூட கொஞ்சம் பாலேடு, ஒரு பல் பூடு, மிளகுத்தூள். அவ்வளவுதான்.”

“தாளிதம்?”

“கிடையாது அத்தை.”

“கடுகுகூடவா?”

“கடுகுகூட.”

எப்படித்தான் தின்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

“அத்தை, பாக்கெட் பால் தயிரு சரிப்படாது. எங்கம்மா இன்னைக்குச் சாயங்காலம் அங்கன வாராவல்லா, அவியள எருமைத் தயிர் கட்டிக் கொண்டாரச் சொல்லுதேன்.”

அந்தப் பொம்பளை கையிலிருந்து தயிர் வாங்குவதா! “இல்ல, நானே பாத்துக்கிடுதேன்” என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

*

இனி அடுப்படிக்கு வருவோம்.

எப்போதும்வென்றான் ஊரிலிருந்து முந்தின நாள் வந்த லோடில் நல்ல பருத்த பல்லாரியாக ஒரு கூடை வீட்டுக்கு வந்திருந்தது. உரித்து, நறுக்கி, இருப்புச்சட்டியை அடுப்பில் வைத்து, மாப்பிள்ளை சொன்னபடியே வெண்ணெயும் எண்ணெயும் விட்டு வதக்கத் தொடங்கினாள். வீட்டில் இருந்த பாக்கெட் பால் தயிரையும் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டாள்.

அரை மணி நேரம் ஆயிற்று. வெங்காயம் தண்ணீரில் நீந்திக்கொண்டு கிடந்தது. முக்கால் மணி, ஒரு மணி. அப்போதும் தண்ணீர்தான். சிவப்பதற்கான அறிகுறியே இல்லை. கால் கடுத்தது, இடுப்பு வலித்தது. பந்தல்காரன் வாசலில் கூப்பிடுகிறான், பூக்காரி வந்து நிற்கிறாள், வளையல் எண்ணி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு இந்த வெங்காயத்தோடு மல்லுக்கட்டுகிறாள்.

பொறுமை போயிற்று. ஸ்டவ்வைத் திருகிப் பெரிசாக வைத்தாள். வைத்துவிட்டுப் பூக்காரிக்குப் பதில் சொல்லப் போனவள் திரும்பி வருவதற்குள், சட்டி கருகி வீடெல்லாம் புகை.

போதாக்குறைக்குத் தயிர் மூட்டையை அவிழ்த்தால், உள்ளே இருந்தது ஒரு கரண்டிகூட இல்லை. மற்றதெல்லாம் தண்ணீராகி ஓடிவிட்டது.

செண்பகவல்லி அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

“ஏம்மா அழுத?” என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள் வள்ளிமயில்.

“யாரு அழுதா? பல்லாரி உரிச்சேன். நீ போய்ப் படு. இந்தப் புகை உனக்கு ஆகாது.”

வள்ளிமயில் கருகிய சட்டியைப் பார்த்தாள். குழாயில் தொங்குகிற துணியைப் பார்த்தாள். வந்த வழியே போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை அம்மா கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சாப்பிட வந்த பூவனலிங்கம், நடையில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார்.

“எந்த வெங்காயத்தப் போட்டு இந்தப் பாடு படுத்துன?”

“நேத்து வந்ததுதான்.”

“அது வெட்டி நாலு நாளுகூட ஆகலையே! பச்சை வெங்காயம், பாதிக்குப் பாதி தண்ணி. அது எப்படிட்டி சிவக்கும்? மண்டியில பின்னால பழைய இருப்பு கிடக்கு. காஞ்சு, தோலு சருகு மாதிரி கலகலன்னு இருக்கும். அதப் போட்டாத்தான் நெறம் வரும். முப்பது வருசமா வெங்காயம் விக்கிறவன் வீட்டுல இருந்துக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? யாரு சொன்னா உனக்கு இந்தப் பக்குவத்த?”

அவள் அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, முந்தானையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “மாயகிருஷ்ணன்.”

பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

“யாரு?”

“அவந்தான். காலையில போன் போட்டுக் கேட்டேன்.”

பூவனலிங்கம் பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினார். தோள்கள் குலுங்கின.

“சிரிக்காதீய! வெங்காயத்துக்காகத்தான் பேசுனேன்.”

“நான் எங்க சிரிச்சேன்? மோர ஊத்து.”

மூன்று மணிக்கு மண்டியிலிருந்து பழைய இருப்பு ஒரு பை நிறைய வந்து சேர்ந்தது.

*

இந்தத் தடவை அவள் ஸ்டூலைப் போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தீயை அணைகிற மாதிரி குறைத்து வைத்தாள். பந்தல்காரன் கூப்பிட்டான், எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஆரத்தித் தட்டு கேட்டு வந்தாள், அங்கனயே இருக்கு எடுத்துக்கோ என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கை காட்டினாள்.

வெங்காயம் முதலில் துவண்டது. பிறகு கண்ணாடி மாதிரி ஆயிற்று. அரை மணி கழித்து ஓரத்தில் மஞ்சள் தட்டியது. அடியில் ஒட்டியதும் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்றது; ஒட்டியிருந்த நிறமெல்லாம் கரைந்து வெங்காயத்தில் ஏறியது. இன்னும் கொஞ்ச நேரம் கிண்டினாள். சட்டி நிறைய இருந்தது சுருங்கிச் சுருங்கி, கைப்பிடி அளவு கருப்பட்டி நிறத்தில் பளபளவென்று திரண்டது. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

இனிப்பு!

சீனி போடவில்லை, வெல்லம் போடவில்லை. காலையிலிருந்து கண்ணைக் கரிக்க வைத்த வெங்காயம் இப்படி இனிக்கிறது. முப்பது வருஷமாகத் தினமும் கையால் தொடுகிற சாமானுக்குள் இப்படி ஒரு ருசி இருக்கிறதென்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. யாருமில்லாத அடுப்படியில் தனியாகச் சிரித்தாள்.

தட்டில் பரப்பி ஆற வைத்தாள். இனி தயிர் வேண்டும். புதூர்த் தயிர்.

நாலு மணி பஸ்ஸில் வர வேண்டிய சம்மந்தியம்மா ஐந்து மணிக்கும் வரவில்லை. ஐந்தரைக்கும் வரவில்லை. ஆறு மணிக்கு மேல், பூஜை அறையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

“வள்ளி! ஏத்தா வள்ளி!”

சத்தியபாமா. மாயகிருஷ்ணனின் அம்மா. ஒல்லியாக, உயரமாக, வெயிலில் கறுத்த உடம்பு. ஒரு கையில் மஞ்சப் பை, இன்னொரு கையில் வெள்ளைத் துணி மூட்டை. மூட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்து படியெல்லாம் ஈரம்.

“டயரு பஞ்சர். ரோட்டுலயே ஒண்ணரை மணி நேரம் நின்னுட்டான்” என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். “தயிரு கசங்கிரக் கூடாதுன்னு பஸ்ஸுக் கம்பியில கட்டித் தொங்க விட்டுட்டேன். கண்டக்டரு தலையில சொட்டுது. மழையா மழையான்னு மேல பாக்காரு. எங்க ஊருப் பக்கம் என்னைக்குய்யா மாசியில மழை பெஞ்சிருக்கு!”

வள்ளிமயில் விழுந்து விழுந்து சிரித்தாள். செண்பகவல்லிக்கும் உதடு துடித்தது. ஆனால் மூன்று வருஷத்துக் கோபத்தை ஒரு சிரிப்பில் விட்டுவிட முடியுமா? முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “வாங்க மதினி. குடுங்க” என்று மூட்டைக்குக் கையை நீட்டினாள்.

சத்தியபாமா வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நீட்டின கை அந்தரத்தில் நின்றது. செண்பகவல்லிக்கு முகமெல்லாம் சுட்டது. சரிதான். இத்தனை நாள் இவள் கொடுத்த மரியாதைக்கு இன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு தயிர் மூட்டையைக்கூட இவள் கையில் கொடுக்க அந்தம்மாவுக்கு மனசு வரவில்லை. வரத்தான் வராது. எப்படி வரும்?

“தப்பா நினைக்காத தாயி” என்றாள் சத்தியபாமா. “விளக்கு வச்சாச்சுல்லா. விளக்கு வச்ச பெறவு ஆடு மாடு வச்சிருக்கிறவுக தயிரு மோரு கை மாத்த மாட்டோம். தொழுவத்துக்கு ஆகாது. கையிலதான குடுக்கக் கூடாது? அடுப்படி எங்கன இருக்கு சொல்லு. நானே வந்து என் கையால போட்டுட்டுப் போறேன்.”

செண்பகவல்லிக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கிற்று. கூடவே வெட்கமும் வந்தது. “உள்ள வாங்க மதினி, உள்ள வாங்க” என்று கையைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போனாள். இதுவரை ஒரே ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்து, முன்ரூமில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போன சம்மந்தியம்மா, ஈரத் துணியோடு நேரே அடுப்படிக்குள் நுழைந்தாள்.

மூட்டையை அவிழ்த்தாள். தயிரா அது! கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. கிண்ணத்தில் போட்டு, பாலேடு சேர்த்து, கரண்டியை நாலு சுற்றுச் சுற்றினாள். வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று வந்துவிட்டது. செண்பகவல்லி ஆறிய வெங்காயத்தைப் பொடிசாகக் கொத்திப் போட்டாள். பூடு, உப்பு, மிளகுத்தூள்.

கலந்து முடித்ததும் சத்தியபாமாவின் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போயிற்று.

“மதினி! வேண்டாம்! தாளிக்கக் கூடாது!”

“தாளிக்காம எப்படித் தாயி? தயிருல வெங்காயம் போட்டிருக்கு. பாக்க மொட்டையா இருக்குல்லா.”

“எனக்கும் அப்படித்தான் இருக்கு. என்ன செய்ய? மார்த்தாம்மா தாளிக்க மாட்டாவளாம்.”

இரண்டு பேரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பேசாமல் பாதியை இன்னொரு கிண்ணத்தில் மாற்றினார்கள். அதற்குக் கடுகு, உளுந்தம்பருப்பு, வத்தல், கறிவேப்பிலை எல்லாம் போட்டுச் சுர்ரென்று தாளித்துக் கொட்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் மனசு ஆறிற்று.

*

மேஜையில் இரண்டு கிண்ணம், நடுவில் கடையில் வாங்கின சிப்ஸ். பூவனலிங்கமும் மண்டியை அடைத்துவிட்டு வந்துவிட்டார்.

வள்ளிமயில் ஒரு சிப்ஸை எடுத்துத் தாளிக்காத கிண்ணத்தில் முக்கி வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

செண்பகவல்லி மேஜைக்குக் குறுக்கே குனிந்தாள்.

“எப்படிட்டி இருக்கு? அவிய செஞ்ச மாதிரி இருக்கா?”

மகள் இன்னொன்று முக்கினாள். இன்னொன்று. சிப்ஸை விட்டுவிட்டு விரலாலேயே வழித்துத் தின்றாள். கிண்ணத்தில் பாதி காலியான பிறகு நிமிர்ந்தாள். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

“நல்லாருக்கும்மா. அதவிட நல்லாருக்கு. வெங்காயம் நம்ம ஊரு வெங்காயம்லா.”

செண்பகவல்லி பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“அப்படின்னா போகாதட்டி. டிக்கெட்டப் பாத்துட்டேன். பேறுகாலம் முடிஞ்சு போலாம். தினமும் இத செஞ்சு தாரேன். ஒரு மணி நேரம் என்ன, நாள் பூரா வேணாலும் அடுப்பு முன்னால நிக்கேன்.”

வள்ளிமயில் கையைத் துடைத்தாள். எழுந்துபோய்க் கைப்பையை எடுத்து வந்தாள். டிக்கெட்டோடு வைத்திருந்த ஒரு நீளக் கவரைப் பிரித்து, அம்மா முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள்.

“உன் மாப்பிள்ளைக்கு ஆபீசுல லீவு கிடைக்காதுன்னு சொல்லிட்டாவம்மா. பிள்ளை பிறக்கும்போது அவியளும் பக்கத்துல இருக்கணும்னு எனக்கு ஆசை. அதான் போறேன். இது விசாவுக்கு அவிய போட்ட அழைப்புக் கடுதாசி. பேறுகாலம் பாக்க வீட்டுல இருந்து ஒரு ஆளு வாரதுக்கு. பேரு மட்டும் எழுதல.”

“ஏன் எழுதல?”

“அவிய வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு நீதான சொன்ன? உன்ன எப்படிக் கேக்க? அத்தையத்தான் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். இன்னைக்குக் காலையில அவிய எனக்குப் போன் பண்ணுனாவ. ‘உங்கம்மா எங்கிட்டப் பேசிட்டாவ வள்ளி’ன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாவம்மா. அப்பதான் எனக்குக் கேக்கலாம்னு தைரியம் வந்துச்சு. நீ வாரியாம்மா?”

காலையிலேயே தெரிந்திருக்கிறது கள்ளிக்கு! அந்தச் சிரிப்பு அதுதான்.

செண்பகவல்லி காகிதத்தைத் தொடவில்லை. தலையைத் திருப்பிச் சத்தியபாமாவைப் பார்த்தாள். அந்தம்மா மஞ்சப் பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாக மகனைப் பார்க்காதவள் அவளும்தானே! தான் ஒருத்திதான் பிள்ளையைப் பிரிந்து கிடக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய தப்பு!

“நீங்க போங்க மதினி” என்றாள். “உங்க பேரத்தான் முதல்ல நினைச்சிருக்கா. நீங்களும் உங்க பிள்ளையப் பாத்து மூணு வருசமாச்சு.”

“நல்லாருக்கு கதை!” சத்தியபாமா பையைக் கீழே வைத்தாள். “தலைப்பேறு பாக்க வேண்டியது பெத்தவ. அதுல நான் எப்படிக் குறுக்க வாரது? எழுது, உன் பேர எழுது. நான் போனா என் ஆடுகள யாரு பாப்பா? எங்க வீட்டு மனுசனுக்கு எண்ணி அடைக்கக்கூடத் தெரியாது.” கீழே வைத்த பையை மறுபடி எடுத்துக்கொண்டாள். “போயி என் மவன கண்ணு நிறையப் பாத்துட்டு வா. மெலிஞ்சிருக்கானா, தடிச்சிருக்கானான்னு வந்து எங்கிட்டச் சொல்லு. அது போதும் எனக்கு.”

செண்பகவல்லி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் மேலும் வெங்காய வாசனை.

வள்ளிமயில் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேனாவை எடுத்தாள். “அப்பா, அம்மா பாஸ்போர்ட் வேணும். போன வருசம் உங்ககிட்ட எடுக்கச் சொன்னேன்லா? எடுத்தாச்சுன்னு எழுதியிருந்தீங்களே, எங்கப்பா இருக்கு?”

தாளித்த கிண்ணத்தை முக்கால்வாசி தீர்த்திருந்த பூவனலிங்கத்தின் கை, சிப்ஸோடு பாதி வழியில் நின்றது.

“மண்டியிலதான்... எங்கயோ இருக்கும்” என்றார். சிப்ஸை மெதுவாகத் தட்டில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு, அப்போதுதான் அடைத்துவிட்டு வந்த மண்டிக்குத் திரும்பி நடந்தார். நடை சரியில்லை. பெண்கள் மூன்று பேரும் இருந்த சந்தோஷத்தில் அதை யார் கவனித்தார்கள்?

டெலிபோன் மணி அடித்தது.

வள்ளிமயில் எழுந்திருப்பதற்குள் செண்பகவல்லி ஓடிப்போய் எடுத்துவிட்டாள். மூன்று வருஷமாக அந்த மணி அடிக்கும்போதெல்லாம் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டவள்!

“அத்தையா? டிப் எப்படி வந்துச்சு அத்தை?”

“நல்லா வந்துச்சு மாப்ளே” என்றாள்.

‘மாப்ளே’ என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக அவன் மூன்று வருஷம் காத்திருந்தான்.

“மாப்ளே, இருக்கீயளா? உங்கம்மா இங்கனதான் நிக்காவ. முதல்ல அவியகிட்டப் பேசுங்க. எனக்கென்ன, நான்தான் நேர்லயே வாரேனே.”

சொல்லிவிட்டு ரிசீவரைச் சத்தியபாமாவின் கையில் கொடுத்தாள்.